அனுபவித்தார், பட்டார், கடந்து வந்தார்: எதை எங்கே எழுதுவது?

ஒருவர் வாழ்வில் நேர்ந்ததை எழுதும்போது முதலில் கைக்கு வரும் சொல் ‘அனுபவி’. சொத்தையும் ஆண்டு அனுபவிக்கலாம், சிறைத்தண்டனையும் அனுபவிக்கலாம். எதை என்று சொல்லாமல் விட்டால்தான் சிக்கல். ‘நல்லா அனுபவி’ என்பது வாழ்த்தா, சாபமா என்பதைக் குரல் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் அந்த வசதி கிடையாது. ‘அந்த ஆண்டுகளை அனுபவித்தார்’ என்று மொட்டையாக எழுதினால் சுகப்பட்டார் என்றே படிப்பார்கள்.

‘படு’ தனியாக நின்றால் இந்தக் குழப்பம் இல்லை. ‘நிறையப் பட்டுவிட்டார்’ என்றால் துன்பம் மட்டும்தான். பெயரோடு சேரும்போது கவனம் வேண்டும். ‘பாடுபட்டார்’ என்பது உழைப்பு. ‘கஷ்டப்பட்டார்’ உழைப்பாகவும் இருக்கலாம், வேதனையாகவும் இருக்கலாம். வேதனை மட்டும் என்றால் ‘அவதிப்பட்டார்’ நல்லது. அனுபவத்துக்குப் ‘பட்டறிவு’ என்று மாற்றுபவர்களும் இதைப் பார்க்க வேண்டும். ‘பட்டறிவுள்ள ஓட்டுநர் தேவை’ என்றால் நாலு விபத்தைப் பார்த்தவரைத் தேடுவதுபோல் இருக்கிறது!

‘உள்ளானார்’, ‘ஆளானார்’ இரண்டும் ‘கு’ உருபு கேட்கும்: விமர்சனத்துக்கு உள்ளானார், கொடுமைக்கு ஆளானார். ‘விமர்சனத்தை உள்ளானார்’ என்பது பிழை. வாக்கியத்தின் நடுவில் வினையை மாற்றிவிட்டு உருபை மாற்ற மறப்பதால்தான் இது பெரும்பாலும் நேர்கிறது.

முடிந்ததா, இல்லையா என்பதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘கடந்து வந்தார்’ என்றால் அது முடிந்துவிட்டது. இன்னும் சிகிச்சையில் இருப்பவரைப் ‘புற்றுநோயைக் கடந்து வந்தவர்’ என்பது நடைப்பிழை அல்ல, தகவல் பிழை. அவர் நோயோடு ‘போராடி வருகிறார்’, அல்லது வெறுமனே ‘சிகிச்சை பெற்று வருகிறார்’. ‘மீண்டார்’ என்பதில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார் என்ற பொருளும் உண்டு. கடந்து வந்தவர் அப்படித் திரும்பியிருக்க வேண்டியதில்லை. தப்பியவர்மேல் ஒரு கீறல்கூட விழாமல் இருந்திருக்கலாம். பிழைத்தவர் சாவின் பக்கம் போய் வந்தவர். அதனால்தான் ‘காயமின்றித் தப்பினார்’ சரியாக ஒலிக்கிறது, ‘காயமின்றிப் பிழைத்தார்’ இடிக்கிறது.

உடலுக்கு நேர்வதைச் சொல்ல இவற்றில் எதுவுமே பல நேரம் தேவையில்லை. மொழிபெயர்த்த மருத்துவப் படிவங்களில் ‘மூச்சுத்திணறலை அனுபவிக்கிறீர்களா?’, ‘வலியை உணர்கிறீர்களா?’ என்றெல்லாம் வருகிறது. ‘மூச்சுத் திணறுகிறதா?’, ‘வலிக்கிறதா?’ என்று கேட்டால் போதும்.