கலுங்கு ஓரத்து மீன்கள்

இராமநாதபுரம் என்றதும் பாம்பன் பாலமும் தனுஷ்கோடியும் கடல் மீனும்தான் நினைவுக்கு வரும். பேருந்து ஜன்னலுக்கு வெளியே ஓடும் கண்மாய்களில் இறங்கிப் பார்ப்பவர் குறைவு. வைகை வந்து சேர்வது இங்குள்ள பெரிய கண்மாயில்தான். அது நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊரருகே வைகை கடலைத் தொடும். பல வருஷம் தொடுவதே இல்லை. வந்த தண்ணீர் வற்றிப் போகும் பூமி இது. இங்குள்ள நாட்டு மீன்களும் அந்த வற்றலுக்குப் பழகியவை.

விரால், குரவை, பனையேறிக் கெண்டை, தேளி நான்கும் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும். மாசியில் கண்மாய் முழங்கால் ஆழத்துக்கு வந்து, தண்ணீர் சூடேறி மூச்சுக் குறையும்போது வாங்கி விட்ட கட்லாவும் ரோகுவும் முதலில் மிதக்கும். இந்த நான்கும் சேற்றில் கிடந்து தாக்குப்பிடிக்கும். ஐப்பசி மழையில், கண்மாயின் உபரித் தண்ணீர் வழியும் வாயான கலுங்கில் புதுத்தண்ணீர் விழும்போது பனையேறிக் கெண்டை செவுள் மூடியின் முள்ளை ஊன்றி, ஈரத் தரையில் உடம்பை உந்தி எதிரேறும். அதைப் பார்க்கவென்றே ஒரு பயணம் வரலாம்.

தூண்டில் போடத் தை, மாசிதான் தோது. முதலில் கண்மாயின் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, யாரிடம் என்று ஊரில் கேட்டு அனுமதி வாங்குங்கள். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். அங்கே தூண்டிலை எடுக்கவே கூடாது.

குரவைக்கு எட்டடி மூங்கில் கம்பு, அதே நீளத்துக்கு 0.30 மி.மீ. தூண்டில் நரம்பு, 8-ஆம் எண் தூண்டில் முள் போதும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே பயறளவு ஈயம், அதற்கு மேலே மயிலிறகுத் தண்டில் தக்கை. மண்புழுவை முள்ளில் ஏற்றி, வால் அரை அங்குலம் தொங்கும்படி விடுங்கள். அதற்கு மேல் தொங்கினால் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். தக்கை துடித்ததும் கம்பைச் சுண்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. துடிப்பு என்றால் மீன் இரையைத் தொட்டுப் பார்க்கிறது. தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக நகரும்போது சுண்டினால் முள் ஏறும்.

விராலுக்கு 0.45 மி.மீ. நரம்பு வேண்டும். கவ்வியதும் செடிக்குள் பாயும். கம்பை மேலே தூக்காமல் பக்கவாட்டில் சாய்த்து இழுங்கள். சீமைக்கருவேல வேரில் சுற்றிவிட்டால் நரம்பு அறுந்துபோகும்.

தண்ணீர் மேல் ஒரு கைப்பிடி குங்குமத்தைத் தூவியதுபோல் சிவப்பாக ஒரு கூட்டம் சேர்ந்து எழும்பி, சேர்ந்து அமுங்கினால், அது விரால் குஞ்சு. கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. தாயையோ தகப்பனையோ பிடித்துவிட்டால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். அங்கே தூண்டில் போடுவது பாவம். கம்பைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

தேளி மாட்டினால் வெறுங்கையால் தொடாதீர்கள். செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விஷ முள் இருக்கிறது. ஈரச் சாக்கால் அமுக்கி, இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால், தோல் வெந்துபோகாத அளவுக்குச் சூடான தண்ணீரில் கையை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வைத்தால் கடுப்பு இறங்கும். முள் ஒடிந்து உள்ளே தங்கினாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கண்மாயிலிருந்து ஆற்றங்கரை ஊருக்குப் போனால் முகத்துவாரத்து உப்பங்கழியில் மடவை துள்ளும். விலாங்கு கடலில் பிறந்து, குஞ்சாக நல்ல தண்ணீரைத் தேடி வரும் மீன். மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்தால் அது உள்ளே ஏற வழியில்லை. உப்பிலும் நன்னீரிலும் ஒருசேரப் பெருகுவது ஜிலேபிக் கெண்டை. 1952-இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த இந்த மீனை முதலில் வளர்த்த இடங்களில் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரும் ஒன்று. இன்று வலையை வீசினால் அதுதான் நிறைகிறது; நாட்டுக் கெண்டைகளின் இரையும் இடமும் அதற்குப் போய்விட்டன. மாட்டியதைத் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள்.

அயிரை தூண்டிலில் வராது. சந்தையில் உயிரோடு வாங்குங்கள். செத்ததில் மண் வாடை போகாது. நீர்த்த தேங்காய்ப்பாலில் கால் மணி நேரம் விட்டால் வயிற்று மண்ணைக் கக்கும். பிறகு சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி, தண்ணீர் தெளியும்வரை நாலைந்து தடவை அலசுங்கள். புளிக்குழம்பு நன்றாகக் கொதித்துச் சுண்டிய பிறகே மீனைப் போட வேண்டும். இரண்டு கொதி போதும். கரண்டி பட்டால் உடைந்துவிடும், சட்டியைப் பிடித்துச் சுழற்றி இறக்குங்கள்.