டிடிஎஸ் மீட்டர்

2016 வாக்கில் தண்டையார்பேட்டையில் வாட்டர் ப்யூரிஃபையர் விற்று, சர்வீஸும் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். வெப்சைட், மெயில், ஃபேஸ்புக் எல்லாம் என் தலையில். ஒருநாள் காலை முதலாளி பாய் மொபைலை நீட்டினார். கூகுளில் கம்பெனி பெயரைப் போட்டால் முதலில் எங்கள் வெப்சைட். அதற்கு அடுத்த வரியிலேயே ஒருவருடைய வலைப்பதிவு: 'மூன்று முறை வந்தும் மாற்றாத மெம்பிரேன்'. தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்ட மெஷினுக்குள் இருக்கும் சவ்வுதான் மெம்பிரேன்.

"தம்பி, இத தூக்கணும். கூகுள்ல யார்கிட்ட பேசணும்?"

எழுதியவர் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஓய்வு பெற்றவர். திட்டியிருந்தால் பரவாயில்லை, திட்டவே இல்லை. பையன் வந்த தேதி, நேரம், வாங்கிய 350 ரூபாய், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை ஒவ்வொரு தடவையும் டம்ளரில் விட்டு எடுத்த போட்டோ. போர் தண்ணீர் 1,140. எங்கள் மெஷின் வழியாக வந்தது 1,090. குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது என்ற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) கணக்கையும் கீழே போட்டிருந்தார். எந்த வரியையும் பொய் என்று சொல்ல வழியில்லை.

அது ஏன் மேலே வந்தது என்று பாய்க்கு விளக்குவதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. ஒரு பக்கத்துக்கு மற்றவர்கள் லிங்க் கொடுத்தால் கூகுள் அதைச் சிபாரிசு மாதிரி எடுத்துக்கொள்ளும். அவருடைய நண்பர்கள் நாலு பேர் கொடுத்திருந்தார்கள். எங்கள் வெப்சைட்டில் 'தரமே எங்கள் தாரக மந்திரம்', கூடவே ஐந்து படம். இதற்கு யார் லிங்க் கொடுப்பார்கள்?

8,000 ரூபாய்க்கு 500 லிங்க் தருவதாக ஒரு ஏஜென்சிக்காரர் வந்தார். 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குவின் என்று ஒரு மாற்றம் கொண்டுவந்ததிலிருந்து, காசு கொடுத்து வாங்கும் லிங்க் நம்மையே கீழே தள்ளிவிடக்கூடும். அதைச் சொல்லித் தடுத்தேன். பாய் அனுப்பிய வக்கீல் நோட்டீஸைத்தான் தடுக்க முடியவில்லை. பெரம்பூர்க்காரர் அதையும் ஸ்கேன் செய்து போட்டார். அடுத்த வாரம் இன்னும் சிலர் லிங்க் கொடுத்தார்கள். அப்புறம் எங்கள் பெயரை அடிக்கத் தொடங்கினாலே 'புகார்' என்ற சொல்லைக் கூகுளே எடுத்துக் கொடுத்தது.

டெல் மாதிரி பெரிய கம்பெனியே இதில் மாட்டியிருக்கிறது. 2005-இல் ஜெஃப் ஜார்விஸ் என்ற பத்திரிகையாளர் தன் லேப்டாப் படுத்திய பாட்டைத் தன் வலைப்பதிவில் எழுதப்போய், டெல் என்று தேடினால் அதுவும் முன்னால் வந்து நின்றது. 2006-இல் டெல்லே, குறை எழுதுபவர்களைத் தேடிப்போய்ப் பேச ஆள் போட்டது. இதைச் சொன்னபோது பாய், "அவன் டெல்லு, நாம தண்டையார்பேட்ட" என்றார்.

சரி என்று புகார் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பெரம்பூர்க்காரர் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றிலும் சிவப்புப் பேனாவில் டிக், பக்கத்தில் 'முடிந்தது'. சர்வீஸ் பையனைக் கேட்டேன். "மெம்பிரேன் ஸ்டாக்கே இல்லண்ணே. கழுவிப் போட்டு முடிச்சிடுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க." ஆபீஸ் என்றால் யார்? பாய் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கூகுளில் வருவதற்கு நாலு மாதம் முன்பே இந்த விஷயம் எங்கள் மேஜையில் கிடந்திருக்கிறது.

மறுநாள் புது மெம்பிரேனோடு மூன்று பேரும் போனோம். வீட்டம்மா காபி கொடுத்தார். அதுவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. மாட்டி முடித்ததும் பெரியவர் சட்டைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து டம்ளரில் விட்டார். 64.

"சார், அத எடுத்துடுவீங்களா?" என்றார் பாய்.

"எழுதினத எடுக்க மாட்டேன் பாய். இன்னிக்கு நடந்ததையும் எழுதுறேன்."

எழுதினார், கடைசியில் இரண்டே வரி. தலைப்பு மாறவில்லை; நான் வேலையை விடும்வரை அது மூன்றாம் இடத்துக்குக் கீழே இறங்கவுமில்லை. ஆனால் போனில் வந்த கேள்வி மாறியது. வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "சர்வீசுக்கு வர்றப்போ அந்த மீட்டர எடுத்துனு வருவீங்களா தம்பி?" அந்த வாரத்தில் இப்படி நாலு பேர். பாய் முணுமுணுத்துக்கொண்டே பர்மா பஜாருக்குப் போய் ஆறு மீட்டர் வாங்கி வந்தார்.