மறியல் புத்தகத்தில் பூட்டனைத் தேடி

என் பூட்டன், அதாவது அப்பப்பாவின் தகப்பன், கப்பலில் போனவர் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் அவுஸ்திரேலியாவில் மறியலில், அதாவது சிறையில், இருந்தவர் என்பதைப் பெரியவர்கள் மட்டும் தங்களுக்குள் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்வார்கள். அந்த இரண்டாவது கதையைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கிடைத்ததை எழுதிவைக்கிறேன். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கப்பற்காரரின் பேரப்பிள்ளைகள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறோம், யாருக்காவது பயன்படும்.

முதலில் போனது கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்கு. பிரித்தானியர் காலத்து நீலப் புத்தகங்கள் என்ற அரச ஆண்டுக் கணக்கேடுகளில் எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை கப்பல், எத்தனை தொன் என்ற கணக்கு இருக்கிறது. மாலுமிகளின் பெயர் இல்லை. பழைய பத்திரிகைகளின் கப்பல் வரவுப் பத்தியிலும் கப்பலின் பெயரும் கப்டனின் பெயரும்தான். ஆனால் காலத்தைக் குறுக்க அங்கே வழி கிடைத்தது. கொழும்பின் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் வைத்து 1885இல்தான் முடித்தார்கள். பி அண்ட் ஓ என்ற பிரித்தானியக் கப்பல் கம்பனி காலித் துறைமுகத்தை விட்டுக் கொழும்புக்கு மாறியது 1882இல். பூட்டன் கொழும்பில் நீராவிக் கப்பல் ஏறினவர் என்று அப்பப்பா சொல்லுவாராம். அதனால் 1880களை முதலில் எடுத்தேன்.

வடமராட்சியில் உள்ள வல்வெட்டித்துறை என்றால் எல்லாரும் சொல்வது அன்னபூரணியை. ஊரில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போனது. அது பெருமைப்படவேண்டிய பயணம்தான். ஆனால் ஊர்க் கப்பலில் இல்லாமல் வெள்ளைக்காரன் கப்பலில் கூலிக்குப் போனவர்களைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. அவர்களும் கடலோடிகள்தான்.

சரி, ஒரு மாலுமி எப்படி மறியலுக்குப் போகிறான்? பெரும்பாலும் களவெடுத்து அல்ல. 1854ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவன் கப்பலை விட்டு ஓடினால் 12 வாரம் வரை சிறை, சேர்ந்த சம்பளமும் போச்சு. அதிகாரி சொன்ன வேலையைச் செய்ய மறுத்தால் 4 வாரம் வரை. 1880இல் வந்த திருத்தம் ஓடிப்போனதற்கான சிறையை பிரித்தானியத் துறைமுகங்களில் மட்டும் எடுத்துவிட்டது. அவுஸ்திரேலியா போன்ற வெளியூர்த் துறைமுகங்களில் அது தொடர்ந்தது. சாப்பாடு போதாது, மேலதிகாரி அடிக்கிறான் என்று கப்பலை விட்டு இறங்கினவனும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிதான். இதை வாசித்த பிறகு எனக்கு அந்த மறியல் கதையில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை.

அடுத்தது அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சுவடிகள். கைதிகளின் படம் ஒட்டிய புத்தகங்கள் 1870இல் இருந்து 1930 வரைக்கும் உள்ளன. பெயர்ச் சுட்டியை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். படத்தோடு பிறந்த ஊர், வந்த கப்பல், வந்த ஆண்டு, தொழில், சமயம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். ஆனால் சில வாரத் தண்டனைக்காரரைப் பெரும்பாலும் படம் எடுக்கவில்லை. அதனால் அவரின் முகம் கிடைக்கும் என்ற ஆசையை விட்டுவிட்டேன். படமில்லாத வரவுப் பதிவேடுகளுக்குப் போனேன்.

அங்கே ஒருவர் இருக்கிறார். பிறந்த இடம் இலங்கை, தொழில் கடலோடி, வயது பூட்டனுக்குப் பொருந்துகிறது. குற்றம், கப்பலில் வேலை செய்ய மறுத்தது. சமயத்துக்கு ‘பேகன்’, அதாவது கிறிஸ்தவர் அல்லாதவர், என்று போட்டிருக்கிறார்கள். குறிப்புப் பத்தியில் இரண்டு காதும் குத்தியிருப்பதாக எழுதியிருக்கிறது. அந்த வரியைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்கள் ஆட்களின் கடுக்கன் காது அது. கப்பல்காரர் அவரைக் கூலிக்கணக்கில் ஒரு பெயராக எழுதினார்கள். மறியல்காரர்தான் அவரின் உயரத்தையும் தோல் நிறத்தையும் காதையும் எழுதிவைத்தார்கள். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி இவ்வளவும் யாருக்கும் தெரியாது.

பெயரைத்தான் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு என்ற எங்கள் முறை அவருக்குத் தெரியாது. ஆகவே இரண்டையும் மாற்றிப்போட்டு, அவர் பெயரில் வரும் ‘வே’க்கு ஆங்கிலத்தில் வரக்கூடிய எழுத்தெல்லாம் போட்டுத் தேடவேண்டும். அப்படித் தேடியதில் சிட்னிக்கு வந்த கப்பல்களின் ஆட்பட்டியலிலும் அவரைப் போல ஒருவர் அகப்பட்டார். 1845 முதல் 1922 வரையான அந்தப் பட்டியல்களை ‘மரைனர்ஸ் அண்ட் ஷிப்ஸ் இன் ஒஸ்ரேலியன் வோட்டர்ஸ்’ என்ற திட்டத்தில் எழுத்துப்பெயர்த்து வைத்திருக்கிறார்கள். கப்பல் மறியல் பதிவேட்டில் உள்ள அதேதான், வயதில் மட்டும் சின்ன வித்தியாசம். சில கப்பல்களில் ஆசிய மாலுமிகளைப் பெயரில்லாமல் எண்ணிக்கையாக மட்டும் போட்டிருக்கிறார்கள். இந்தக் கப்பலில் பெயர் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம்.

வல்வெட்டித்துறையில் இருக்கும் பெரியப்பாவுக்கு போன் எடுத்தேன். “தம்பி, மறியல் கதையை ஏனடா கிளறுறாய்?” என்றார் முதலில். சட்டத்தை விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அவர் களவெடுக்கேல்லை எண்டு எழுதி வை” என்றார். அப்புறம் அவரே, பூட்டனுக்கு இடக்கையில் ஒரு விரல் வளைந்திருக்கும் என்று தன் தகப்பன் சொன்னதாகச் சொன்னார். பதிவேட்டில் விரலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே இவர்தான் அவர் என்று இன்னும் அடித்துச் சொல்லமாட்டேன். கப்பலின் பெயரையும் அதுவரை வெளியே விடவில்லை.

இனி வேண்டியது கப்பலின் ஆளொப்பந்தம், அதாவது மாலுமிகள் கையெழுத்து வைத்த வேலை ஒப்பந்தம். 1855இல் இருந்து ஒவ்வொரு பிரித்தானியக் கப்பலுக்கும் ஓர் உத்தியோகபூர்வ இலக்கம் உண்டு. அதையும் ஆண்டையும் வைத்துத்தான் கேட்கவேண்டும். 1863 முதல் 1938 வரையான ஒப்பந்தங்களில் சுமார் 70 வீதம் கனடாவின் நியூபவுண்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல் வரலாற்றுச் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. 5இல் முடியும் ஆண்டுகளுக்கு லண்டன் கிறீனிச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தைக் கேட்கவேண்டும். எங்கள் ஆண்டு 5இல் முடியவில்லை. ஆகவே கனடாவுக்கு எழுதி, பிரதிக்குக் காசும் கட்டியாயிற்று. வந்ததும் முதலில் பார்ப்பது இரண்டு பத்தியை: எந்தத் துறைமுகத்தில் ஏறினார், என்ன காரணத்தால் விலகினார். கடைசியில் அவர் போட்ட கையெழுத்தோ கீறலோ இருக்கும். அது தமிழில் இருந்தால், ஊரில் இருக்கும் பழைய காணி உறுதியோடு வைத்துப் பார்க்கலாம். உறுதியைப் படம் எடுத்து அனுப்பும்படி பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.