மோட்டர்ஹோம் வாங்கப்போகிறவர்களே, ஓட்டுகிறவரின் நெஞ்சையும் யோசியுங்கோ

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் இப்போது பென்சன் எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அதில் கொஞ்சப் பேர், கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டர்ஹோம் வாகனம் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள், கேட்கவே சந்தோசமாக இருக்கிறது. நாங்கள் சில வருடமாக வைத்திருப்பதால் அடிக்கடி யாராவது விசாரிப்பார்கள். டயரைப் பற்றிக் கேட்பார்கள், காஸ் சிலிண்டரைப் பற்றி, சோலர் பூட்டலாமா, ஸ்கொட்லாந்தில் எந்த சைட் நல்லது என்றெல்லாம் கேட்பார்கள். ஓட்டப்போகிறவரின் பிறஷர் எவ்வளவு, கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை எடுக்கிறாரா, அவருக்கு வழியில் ஒன்றென்றால் வாகனத்தை யார் ஓட்டுவார் என்று இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவர் 1988இல் வந்தவர், நான் 1991இல். வந்த நாளிலிருந்து பெற்றோல் செற்றில் இரவு வேலை, பிறகு வெயர்ஹவுஸில் இரவு வேலை. நான் பகலில் வேலைக்குப் போய்விடுவேன், பிள்ளைகளை மாறி மாறிப் பார்த்து வளர்த்தோம். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இவை மூன்றுக்கும் இடையில் ஓடும் பஸ். கடற்கரை, மலை, ஏரி எல்லாம் மற்றவர்கள் போய்ப் பார்க்கும் இடங்கள் என்றே நினைத்திருந்தோம். இளைப்பாறிய பிறகு இவர் மோட்டர்ஹோம் வாங்குவோம் என்றபோது நான் ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை. வாழ்ந்த நாட்டை முதன்முதலாகப் பார்த்தது அதில் ஏறிய பிறகுதான் என்று தாராளமாகச் சொல்வேன்.

ஆனால் அத்தனை வருட இரவு வேலை உடம்பில் எங்கோ எழுதப்பட்டிருக்கும். தெற்காசிய வம்சத்தவர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது, சலரோகமும் (நீரிழிவு) அப்படித்தான். அதனால்தான் இங்கே எங்களுக்கு உடல் எடைச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனம் என்கிறார்கள், வெள்ளையருக்கு அது 25. 40 வயதிலிருந்து 74 வரை இங்கிலாந்தில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக ஒரு உடற்பரிசோதனை இருக்கிறது, பிறஷர், கொலஸ்ட்ரோல், சலரோகம் எல்லாம் பார்ப்பார்கள். ஏற்கெனவே இதய நோயோ சலரோகமோ இருப்பவர்களை குடும்ப டொக்டர் (ஜீ.பி.) தனியாகவே பார்ப்பார். பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும். வந்த கடிதத்தை லாச்சிக்குள் போட்டுவிட்டு வாகனத்தின் சேர்விஸுக்கு மட்டும் நாள் குறிக்கும் ஆண்களை எனக்கு நிறையத் தெரியும்.

இவருக்கு மாரடைப்பு வந்தது ஸ்கொட்லாந்தின் வடமேற்கில், லொக்கின்வர் பக்கம். முதல் நாள் முழுக்க ஒற்றைத் தட வீதியில் ஓட்டியிருந்தார், எதிரே வருகிற ஒவ்வொரு காருக்கும் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டபடி. அடுத்த நாள் காலை நல்ல குளிர். கழிப்பறைப் பெட்டி நிரம்பியிருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிக் கொட்டிவிட்டு வந்தவர் படியில் அப்படியே இருந்துவிட்டார். முகம் வேர்த்து, இடது தோளும் தாடையும் இழுக்கிறதென்றார். "இஞ்சாரும், இது வாய்வு. கொஞ்சம் சுடுதண்ணி தாரும், சரியாகிவிடும்" என்றார். இவருக்குச் சலரோகம் இருக்கிறது. சலரோகக்காரருக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிளக்கும் வலியாக வராது, மூச்சு வாங்கல், ஓங்காளம், வேர்வை, தாடை இழுப்பு என்று வேறு முகத்தோடும் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் பார்த்திருக்கிறேன். சுடுதண்ணி கொடுக்கவில்லை, அவசர இலக்கமான 999ஐ அடித்தேன்.

அங்கே எங்கள் போன் கொம்பனியின் சிக்னல் இல்லை, ஆனால் 999 என்றால் அந்த இடத்தில் எந்தக் கொம்பனியின் சிக்னல் இருந்தாலும் அதில் ஏறிப் போகும். இது பலருக்குத் தெரியாது, சிக்னல் கோடு இல்லை என்று போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இடத்தைச் சொல்ல 'வாட்த்ரீவேர்ட்ஸ்' ஆப் உதவியது, மூன்று சொல்லைச் சொன்னால் அம்புலன்ஸ்காரருக்கு எந்த மூலை என்று விளங்கிவிடும். ஒவ்வாமை இல்லையென்றால் 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லுங்கோ என்றார்கள், அது கையில் இருந்தது.

இதயத்தின் இரத்தக்குழாய் முழுக்க அடைபட்ட மாரடைப்பு என்றால் அந்தக் குழாயைத் திறந்து, மூடாமல் பிடித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைப்பதுதான் முதல் வைத்தியம், அதை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குள் செய்ய முடிய வேண்டும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து இன்வர்னஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு வீதியால் போகவே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். அப்படித் தூரமென்றால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டுக் கொண்டுபோவார்கள். இவருக்கு அம்புலன்ஸிலேயே ஈசிஜி எடுத்து, அங்கேயே ஊசி போட்டார்கள். அடுத்த நாள் ஸ்டென்ட். அந்தப் பிள்ளைகளுக்கு என் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன்.

லண்டனில் இருக்கும்போது ஆஸ்பத்திரி என்பது அடுத்த பஸ் ஸ்டொப். நாங்கள் ஆசைப்பட்டுப் போகிற இடங்கள் எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து விலகிப் போகிற இடங்கள், அழகும் தனிமையும் அங்கேதான் இருக்கிறது. போகாதீர்கள் என்று சொல்லவே மாட்டேன். போகிற ஒவ்வொரு இடத்திலும் பெரிய ஆஸ்பத்திரி எத்தனை மணித்தியாலத் தூரம் என்று முதல் நாள் இரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கோ என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம் வந்த சிக்கல் யாருமே எதிர்பார்க்காதது. இவர் ஆஸ்பத்திரியில், வாகனம் லொக்கின்வரில். எங்கள் பழைய மோட்டர்ஹோம் 3,850 கிலோ. மகன் லண்டனிலிருந்து பறந்து வந்தான், ஆனால் அவனால் அதை எடுக்க முடியாது. 1997 ஜனவரி 1க்கு முன் கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்குத்தான் சி1 என்று 7,500 கிலோ வரை ஓட்டும் உரிமை தானாகவே இருக்கிறது, பிறகு எடுத்தவர்களுக்கு 3,500 கிலோவோடு சரி. இவர் 1993இல் எடுத்தவர், மகன் எடுத்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. என்னுடையதும் பிந்தியது, அதோடு ஓட்டோமெட்டிக் மட்டும். குடும்பத்தில் நாலு பேரிடம் லைசென்ஸ் இருந்தும் அந்த வாகனத்தைச் சட்டப்படி ஓட்டக்கூடியவர் இதயப் பிரிவில் படுத்திருந்த ஒருவர்தான். கடைசியில் லெஸ்டரிலிருந்து இவரின் பழைய நண்பர் ரயிலேறி வந்து, இன்சூரன்ஸில் பெயர் சேர்த்து, வாகனத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். அவரும் அறுபதைத் தாண்டியவர், பிறஷர் குளிசை எடுப்பவர். அவ்வளவு தூரம் தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறாரே என்று அந்த நேரத்திலும் எனக்கு அடிவயிறு கலங்கியது.

எங்கள் ஆண்கள் நெஞ்சு நோவை மறைப்பதற்குப் பெரிய காரணம் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சட்டம் அவர்கள் நினைப்பதுபோலக் கடுமையானதில்லை. கார் லைசென்ஸ் என்றால் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் நல்லபடி வைத்து, இதயத்தின் பம்பும் பரவாயில்லை, வேறு சிகிச்சை உடனே தேவையில்லை என்றால் ஒரு கிழமை ஓட்டாமல் இருந்தால் போதும். இல்லையென்றால் 4 கிழமை. இவருக்கு இன்னொரு குழாயிலும் வேலை இருந்ததால் 4 கிழமை என்றார்கள். லைசென்ஸ் கொடுக்கும் அரச அலுவலகமான டிவிஎல்ஏக்குச் சொல்லக்கூடத் தேவையில்லை, டொக்டர் சொல்கிற வரைக்கும் ஓட்டாமல் இருந்தால் சரி. இன்சூரன்ஸுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்தால் டிவிஎல்ஏக்குச் சொல்லத்தான் வேண்டும், அதற்கும் ஒரு கிழமைதான் ஓய்வு. திடீரென்று நினைவு தப்பி விழுந்தால் சொல்ல வேண்டும், ஓட்டுவதை உடனே நிறுத்த வேண்டும். சும்மா இருக்கும்போதோ ஸ்டியரிங் பிடித்திருக்கும்போதோ அஞ்சைனா என்ற இதய நெஞ்சுவலி வந்தாலும், அது கட்டுப்பாட்டுக்குள் வரும்வரை ஓட்டக்கூடாது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் 1,000 பவுண்ட் வரை தண்டம், விபத்து நடந்தால் வழக்கும் வரலாம்.

சி1 கதை வேறு. அது லொறி ஓட்டுகிறவரின் அளவுகோல். ஸ்டென்ட் வைத்தால் குறைந்தது 6 கிழமை நிறுத்தம், டிவிஎல்ஏக்கு அறிவிக்க வேண்டும், நடை இயந்திரத்தில் ஏற்றிச் சோதிப்பார்கள். பிறஷர் தொடர்ந்து 180க்கு 100 என்று நின்றாலே நிறுத்திவிடுவார்கள். 70 வயதில் கார் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது சி1 தானாக வராது, அது வேண்டுமென்றால் டொக்டர் நிரப்பும் டி4 படிவத்தோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அந்தச் சோதனைக்குக் காசும் நாங்கள்தான் கட்ட வேண்டும். பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே வேலை. இவர் 70 வந்தபோது சி1ஐ விட்டுவிட்டார். கொஞ்சம் கவலைப்பட்டார், உழைத்து எடுத்த லைசென்ஸ் அல்லவா. பெரிய வாகனம் வாங்க யோசிக்கிற 66, 67 வயதுக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கோ.

மருந்து விசயத்தில் நான் அதிகம் பார்ப்பது சலம் (சிறுநீர்) போகிற குளிசையைத் தவிர்ப்பது. இதயம் பலவீனமானவர்களுக்கு உடம்பில் நீர் தேங்காமல் இருக்கக் கொடுப்பது அது. ஓட்டுகிற நாளில் அடிக்கடி நிறுத்த வேண்டிவருமே என்று காலையில் எடுக்காமல் விடுகிறார்கள், சிலர் தண்ணியே குடிக்காமல் ஓட்டுகிறார்கள். வாகனத்துக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது, ஆனால் பெட்டியைக் கொட்டுவது அருவருப்பு என்று அதைப் பாவிக்கவும் மனமில்லை! இப்படி இரண்டு மூன்று நாள் போனால் கணுக்கால் வீங்கும், சப்பாத்து இறுகும், இரவில் நேராகப் படுக்க முடியாமல் இன்னொரு தலையணை கேட்பார்கள். மோட்டர்ஹோம் கட்டில் ஒடுக்கம், அதனால் நித்திரை வரவில்லை என்று கட்டில்மேல் பழி போடுவார்கள். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் டொக்டரோடு கதைக்க வேண்டிய நேரம் அது. ஓட்டுகிற நாளில் குளிசையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று புறப்பட முன் ஜீ.பி.யிடமோ பார்மசியிலோ கேட்டால் சொல்லித்தருவார்கள். நாங்களாகத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்குக் கீழே அடிக்கும் ஜிடிஎன் ஸ்பிரேயை இவர் ஓட்டும்போது சட்டைப் பையில் வைத்திருப்பார், பின்னால் பைக்குள் இருந்தால் பிரயோசனமில்லை. அடித்தால் பிறஷர் இறங்கித் தலை சுற்றும், அதனால் வாகனத்தை நிறுத்தி, இருந்துகொண்டு அடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் பார்த்து வலி போகாவிட்டால் இன்னொருமுறை, இன்னும் ஐந்து நிமிடத்தில் போகாவிட்டால் 999. அடித்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது.

பாரம் தூக்குவதை நாங்கள் மாற்றிவிட்டோம். பெட்டி நிரம்பக் காத்திருப்பதில்லை, பாதியிலேயே கொட்டுகிறோம், சில்லு வைத்த பெட்டி. பல மணித்தியாலம் அசையாமல் இருந்துவிட்டு இறங்கின உடனே தண்ணிக் கேனைத் தூக்குவது, மட்டம் பார்க்கக் கட்டை வைப்பது எல்லாம் இதயத்துக்குத் திடீர்ச் சுமை, குளிரில் இன்னும் மோசம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நிற்கச் சொல்லி இங்குள்ள வீதி விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அது களைப்புக்காகச் சொன்னது, காலில் இரத்தம் கட்டாமல் இருக்கவும் உதவும், அதனால் இறங்கி நடக்க வேண்டும், சீட்டிலேயே இருந்து போன் பார்த்தால் கணக்கில்லை. காஸ் ஹீட்டர் இருப்பதால் காபன் மொனொக்சைட் அலாரமும் கட்டாயம் வேண்டும். அந்த வாயு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடிப்பதால் ஏற்கெனவே குழாய் சுருங்கியவருக்குக் கொஞ்சமே நெஞ்சுவலியைக் கொண்டுவந்துவிடும்.

பக்கத்துச் சீட்டில் இருக்கும் பெண்களுக்கு இதைச் சொல்கிறேன். வாகனத்தை நிறுத்தப் பழகுங்கோ. எங்கள் பழைய வாகனத்தில் கைப்பிரேக் இவரின் வலப்பக்கம், கதவோரம் இருந்தது. ஓடும்போது இவர் சரிந்தால் என் கை எட்டாது. இதை எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை. அபாய விளக்கு எங்கே, எஞ்சினை எப்படி நிறுத்துவது, குளிசைப் பட்டியல் எங்கே என்று வீட்டு வாசலில் நிற்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கோ. பட்டியலைத் தாளிலும் எழுதி வையுங்கோ. கிராமங்களில் பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளுக்குள் மஞ்சள் பெட்டி இருந்தால் அது இதயத்தை அதிரவைத்து மீட்கும் கருவி. பூட்டியிருந்தால் திறக்கும் இலக்கத்தை 999இல் சொல்வார்கள், படித்தவர்தான் பாவிக்க வேண்டும் என்றில்லை, கருவியே என்ன செய்வதென்று பேசிச் சொல்லும்.

பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் போகிறவர்கள் அங்கே வைத்தியத்துக்குக் காட்டும் ஜிஹிக் (GHIC) அட்டையை மட்டும் நம்ப வேண்டாம், ஆளை இங்கே கொண்டுவரும் செலவை அது தராது. பயண இன்சூரன்ஸ் எடுத்து, ஸ்டென்டைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கோ.

இப்போது எங்களிடம் இருப்பது 3,500 கிலோ, ஓட்டோமெட்டிக் கியர். பழையதைவிடச் சின்னது, இவருக்குக் காலை நீட்டிப் படுக்கக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் மகன் ஓட்டலாம், மகள் ஓட்டலாம், நானும் ஓட்டுகிறேன். மோட்டர்வேயில் நான், ஒடுங்கிய வீதியில் இவர் என்று பிரித்து வைத்திருக்கிறோம். உங்களிடம் ஏற்கெனவே வாகனம் இருந்தால் கதவோரமோ பொனட்டுக்குக் கீழேயோ எடை எழுதிய தகடு ஒன்று இருக்கும், அதையும் வீட்டில் இருக்கும் எல்லாருடைய லைசென்ஸின் பின்பக்கத்தையும் இந்தக் கிழமையே ஒருக்கால் ஒப்பிட்டுப் பாருங்கோ.