ஐப்பசிக்கு முன் நான்கு டயர்கள்

போன மாதம் அக்கா மகன் ஜெர்மனியிலிருந்து அழைத்தான். ஃப்ரைபர்க் நகரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான்.

"சித்தி, இங்கே எல்லோரும் குளிர்கால டயர் போடச் சொல்கிறார்கள். இந்த ஊர் ஜெர்மனியிலேயே வெதுவெதுப்பான ஊர்களில் ஒன்று. பனி விழுவது வருடத்தில் சில நாள்தான். அந்தச் சில நாளுக்காக நான்கு டயர் வாங்க வேண்டுமா?"

அவன் அழைத்த நேரத்தில் நான் வாசலில் காருக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தேன். கையில் பள்ளி ஆய்வகத்து வெர்னியர் அளவி. இருபத்திரண்டு வருடமாக அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடமே அளவீடுதான். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு அந்த அளவியைப் பிடித்துக் காட்டியும், அதன் பின்முனையில் நீளும் மெல்லிய கம்பியை என் சொந்தக் காரின் டயரில் ஒருநாளும் விட்டுப் பார்த்ததில்லை. டயரின் பள்ளத்தை அளக்க அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

என்னை அளக்க வைத்தது சென்ற ஐப்பசி.

எங்கள் அக்கா ஏலகிரியில் அத்தனாவூரில் இருக்கிறாள். அம்மாவும் அவளோடுதான். வேலூரில் நான் இருக்கும் சத்துவாச்சாரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது போய்விடுவேன். அன்று அம்மாவைக் கண் மருத்துவரிடம் காட்டுவதற்காக வேலூருக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். மலையில் தூறல்தான். வாணியம்பாடியில் அதுகூட இல்லை. ஆம்பூர் தாண்டியதும் வானம் இருண்டு, மாதனூர் அருகே கொட்டித் தீர்த்தது. 48ஆம் எண் நெடுஞ்சாலையில் அந்த இடத்தில் இடது ஓரம் கொஞ்சம் தாழ்வு. தண்ணீர் தாம்பாளம் போல் தேங்கி நின்றது. நான் 80 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தேன்.

கைக்குத்தான் முதலில் தெரிந்தது. ஸ்டீயரிங்கில் எப்போதும் இருக்கும் கனம் ஒரே நொடியில் போய்விட்டது. திருப்பினேன், கார் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது. முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதிக்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை மட்டும் விட்டேன், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நொடி இருக்கலாம். பிறகு டயர் மறுபடி சாலையைப் பிடித்தது; கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நேரானது. அம்மா பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை.

நடந்தது எளிய இயற்பியல். கார் சாலையைத் தொடுவது நான்கே இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அகலம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். அந்த உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் தண்ணீர், டயரின் பள்ளங்கள் வழியாக விலகி ஓட வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் ஓடும். தேய்ந்திருந்தால் ஓட இடமில்லாமல் டயருக்கும் சாலைக்கும் நடுவே ஆப்பு போல் நுழைந்து காரைத் தூக்கிவிடும். மிதக்கும் வண்டிக்கு ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை.

அன்று தப்பித்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டேனே தவிர, டயரை மாற்றவில்லை. பங்குனியில் சர்வீஸுக்கு விட்டபோது, "பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்றார்கள். டயரின் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டிகளைத்தான் பட்டன் என்பார்கள். நம்பினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அளக்கத் தெரிந்தவள், அளக்காமல் அடுத்தவர் வார்த்தையை எடுத்துக்கொண்டேன்.

சாக்கில் உட்கார்ந்து முதலில் சுழிப்பிழை, அதாவது மூடிய அளவி சுழியைக் காட்டாமல் விலகுகிறதா என்று, பார்த்தேன். இல்லை. கம்பியைப் பள்ளத்தில் இறக்கி, ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்தேன். முன் டயர்களில் நடுவில் 2.4 மில்லிமீட்டர், வெளி ஓரத்தில் 1.9. மலை வளைவுகள் தின்ற ஓரம் அது. ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் காரின் முன்பாரம் வெளிப்பக்க டயரின் தோளில்தான் விழுகிறது. பின் டயர்களில் 3.5. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். டயர் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், சட்டம் அதற்குப் பிறகு ஓட்ட விடாது. ஆக, என் டயர்கள் சட்டப்படி நல்ல டயர்கள். புதிதில் 8 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும் பள்ளம் கால் பங்காகக் குறைந்த பிறகும் நல்ல டயர்கள்!

பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். என்னுடையதில் 1119. அதாவது 2019ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்தது. எங்கள் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை, தார்ச்சாலை அதைவிடக் கொதிக்கும். அத்தனை கோடைகளை வாங்கிய ரப்பர். விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. ஓரத்தில் தலைமுடி போல் வெடிப்புகள்.

இந்த நேரத்தில்தான் அக்கா மகனின் அழைப்பு. அவன் கேட்டதும் நான் தேடியதும் ஒன்றே என்பது பேசப் பேசத்தான் புரிந்தது.

குளிர்கால டயர் என்றால் பனிக்கு மட்டுமானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் உயிர் ரப்பரில் இருக்கிறது. சாதாரண டயரின் ரப்பர் குளிரக் குளிர விறைத்துக்கொள்ளும். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி உட்காராது. குளிர்கால டயரின் ரப்பர் உறைநிலைக்குக் கீழேயும் இளக்கமாக இருக்கும்படி செய்தது. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதுதான் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். கோடு கிழித்த எல்லை அல்ல, ஒரு கைக்கணக்கு. மேல்பரப்பில் கத்தியால் கீறியது போல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவைதான் பனியைக் கவ்வும். ஜெர்மனியில் இன்ன தேதிக்குள் மாற்று என்று சட்டம் இல்லை. ஆனால் பனியோ உறைபனியோ சாலையில் இருக்கும்போது அந்த டயர் இல்லாமல் ஓட்டினால் 60 யூரோ அபராதம், ஓட்டுநர் கணக்கில் ஒரு தண்டனைப் புள்ளியும் ஏறும். மூன்று முகடுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த முத்திரை டயரில் இருக்க வேண்டும். முன்பு 'எம் பிளஸ் எஸ்' (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்து மட்டும் போதும் என்றிருந்தது. 2024 அக்டோபர் முதல் அது செல்லாது. அந்த எழுத்தைத் தயாரிப்பாளர் தாமாகவே போட்டுக்கொள்ளலாம், மலை முத்திரைக்குச் சோதனையில் தேற வேண்டும்.

"ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறாயா, மலைக்கும் போகிறாயா?" என்று கேட்டேன்.

"வாரம் இரண்டு நாள் டிட்டிசேவுக்குப் போகிறேன் சித்தி. கறுப்புக் காட்டு மலைமேல். இங்கே மழை பெய்தால் அங்கே பனி."

"அப்படியானால் யோசிக்காதே. ஊருக்குள்ளேயே இருந்தால் மலை முத்திரை உள்ள அனைத்துப் பருவ டயர் போதும் என்றிருப்பேன். நீ ஓட்டுவது இரண்டு தட்பவெப்பத்தில். டயர் வாங்கும்போது மேலே இருக்கும் மோசமான நாளைத்தான் பார்க்க வேண்டும்."

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர். ஏலகிரி ஆயிரத்துக்கும் மேல். எனக்கும் இரண்டு தட்பவெப்பம். எங்கள் மார்கழி அதிகாலைகூட 7 டிகிரிக்குப் பக்கத்தில் வராது. ஆனால் வருடத்தில் சில நாள், அந்த நாளிலும் சில மணி நேரம், மழை கொட்டும். பாலாற்றில் வருடக்கணக்காக மணலையே பார்த்துப் பழகிய நாங்கள் 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடிய வெள்ளத்தையும் பார்த்தோம். இந்த ஊரில் குளிர்காலம் என்பது மழைதான். மிச்சமிருக்கும் பத்து மாதமும் மொட்டை டயர்கூட நல்ல டயர் போலவே நடந்துகொள்ளும்.

டயர் தேடிப் போனபோது ஊருக்குள் ஒரு கடையில் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். "மலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் அம்மா, பிடிப்பு அபாரம், பாதி விலை" என்று ஒன்றை உருட்டி வந்தார்கள். பக்கவாட்டில் அதே மலையும் பனித்துகளும். படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். "சித்தி, இது பனிக்கு உள்ள டயர்!" என்று உடனே பதில் வந்தது. பள்ளம் 6 மில்லிமீட்டர் இருந்தது உண்மை. ஆனால் உறைநிலைக்கு இளக்கிய ரப்பர் ஆம்பூர் வெயிலில் குழைந்துபோகும். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும், வேகமாகவும் தேயும். குளிர் நாட்டில் உயிர் காப்பது இங்கே உயிரை வாங்கும். யாராவது இந்த முத்திரையோடு மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பிறகு போன கடையில் டயர் கழற்றும் பையன் என்னிடம் படித்தவன். "டீச்சர், இந்த மாடல் எழுபதாயிரம் ஓடும், எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்" என்றான். அதிகம் ஓடும் டயர் பெரும்பாலும் கெட்டி ரப்பர் டயர். ஓட்டமும் ஈரப் பிடிப்பும் ஒன்றோடொன்று இழுபறி. இரண்டையும் ஓரளவு கூட்டித் தரும் டயர்களுக்கு விலை அதிகம். சில டயர்களில் பக்கவாட்டிலேயே 'ட்ராக்ஷன்' என்று போட்டு ஏஏ, ஏ, பி, சி என்று தரம் இருக்கும். ஈரச் சாலையில் நேராகப் பிரேக் பிடித்துச் சோதித்த தரம் அது. கடைக்காரர் சொல்லும் கிலோமீட்டரைவிட அந்த எழுத்தை நம்புகிறேன்.

கடைப் பையனுக்குக் கரும்பலகைக் கணக்கு ஒன்றைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். 80 கிலோமீட்டர் வேகம். காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம், அதாவது டயர் சாலையைப் பிடிக்கும் அளவு, 0.8 என்று வைத்தால் நிற்க 31 மீட்டர். ஈரத்தில் அது 0.4 ஆகக் குறைந்தால் 63 மீட்டர். 31 மீட்டரில் நான் நிற்கிறேன் என்றால், அதே இடத்தில் பிடிப்பு பாதியான இன்னொருவர் இன்னும் 55 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். பையன் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏ தரம் உள்ள டயரை எடுத்தேன். 185/65 ஆர் 15, 88 எச். பழைய டயரில் இருந்த அதே அளவு. ஐம்பதாயிரம் ஓடினால் பெரிது என்றார்கள். ஓடட்டும். நான்குமாகச் சேர்த்து 25,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. தங்கைக்குச் சொல்லி வைத்திருந்த சீட்டுப் பணத்தில் கை வைத்தேன். டயரை இறக்கியதும் நான்கு இலக்கத்தைப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் ஒன்றரை வருடப் பழைய தேதி. மாற்றித் தரச் சொன்னேன், முகம் சுளிக்காமல் தந்தார்கள். இரண்டு மட்டுமே வாங்க முடிகிறவர்கள் புதிய இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். கடைகளில் முன்னால்தான் போடுவார்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகம் குறைந்ததும் வசப்படும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். கோடை மதியம் 40 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. காற்று அடித்த டயர், மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு இறங்கும்போது, ஒரு துளி கசியாமலேயே 30க்கு வந்துவிடும். காற்றுக் குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். ஐப்பசியிலும் மார்கழியிலும் வண்டி ஓடாத காலை நேரத்தில் பார்த்து அடிக்க வேண்டும். அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும்.

போன சனிக்கிழமை மாதனூரில் மறுபடி மழை. அதே தாழ்வு, அதே தண்ணீர். 60க்கு இறக்கிக்கொண்டு போனேன். டயர் தண்ணீரை வாரி இறைக்கும் சத்தம் தரைக்குக் கீழே தொடர்ந்து கேட்டது. ஸ்டீயரிங்கின் கனம் கையை விட்டுப் போகவில்லை. அம்மா இந்த முறை விழித்திருந்தாள். "மழை பலமாக இருக்கிறதே, நின்று போகலாமா?" என்றாள். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, மழை விட்ட பிறகுதான் கிளம்பினோம்.

அக்கா மகன் நேற்றுப் படம் அனுப்பியிருந்தான். புது டயரின் பள்ளத்தில் ஒரு யூரோ நாணயத்தைச் செருகி வைத்திருக்கிறான். அந்த நாணயத்தின் பொன்னிற ஓரம் 3 மில்லிமீட்டராம். அது முழுவதும் மறைந்து, உள்ளே வெள்ளிப் பகுதியிலும் கொஞ்சம் மறைந்திருந்தது. சரியாக எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். என் குறிப்பேட்டில் என் டயருக்கு 7.8 என்று எழுதி, பக்கத்தில் அவனுக்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.