காலையில் சரளிவரிசை, மாலையில் ஜதி

மட்டக்களப்பின் கல்லடியில் காலையில் 7 வயதுப் பிள்ளைகளுக்கு மாயாமாளவகௌளை ராகத்தில், கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளிவரிசை சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே கரகரத்த தொண்டையோடு மாலையில் நான் இசையமைக்கும் நடனங்களின் ஒத்திகைக்குப் போவது என் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளின் மாதக் கட்டணத்தில்தான் வீடு நடக்கிறது. நடனத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் மத்தளக்காரருக்கே போய்விடும்.

வடமோடிக் கூத்தின் ஆட்டத்தைத் தழுவிய ஒரு நடனத்துக்காக ஏழு எண்ணிக்கை கொண்ட மிசிரசாபு தாளத்தில் நான் அமைத்த பல்லவியைக் கேட்ட நடன ஆசிரியை, "அண்ணன், மெட்டு நல்லம், ஆனா பிள்ளையள் சுத்தித் திரும்பி நிக்க இடமில்லையே" என்றார். மூன்று நாள் மல்லுக்கட்டியும் தீராத அந்தச் சிக்கல், 'தகிட தகதிமி' என்று தாளச் சொற்களான ஜதியைச் சொல்லித் தொடையில் தட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, 'தகிட'வுக்குப் பின் மூச்சு வாங்க நின்றபோதுதான் அவிழ்ந்தது. பல்லவியின் ஈற்றில் தாளத்தின் ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனத்தைப் பாடலின்றி மத்தளத்துக்கு விட்டேன். அவளுடைய பிசகைத் திருத்தத்தான் அன்று மறந்துபோனேன்.