காலை 8.15-க்கு எடுத்த அளவு

கங்கைகொண்டான் பக்கம் ஒரு ஆலை. கழிவுநீர்த் தொட்டியின் மேன்ஹோல் ஓரமா, பிளாஸ்டிக் உறைக்குள்ள, உள்ள இறங்க அனுமதி தர்ற பர்மிட் தொங்குது.

கேஸ் டெஸ்ட் எடுத்த நேரம்: காலை 8.15.

ஆள் இறங்கப்போறது மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்.

"காலையிலதான பார்த்தோம் அண்ணாச்சி"ங்காரு மேஸ்திரி.

காலையில பார்த்தது காலைக்குத்தான். அடியில கிடக்குற சேத்தைக் கலக்குனா ஹைட்ரஜன் சல்பைடுங்கிற விஷவாயு கிளம்பும். காத்தைவிடக் கனம், அடியிலயே தங்கும். அழுகுன முட்டை வாடை வரலையேன்னு மூக்கை நம்பவே கூடாது. அளவு ஏறுனா மூக்கு மரத்துப்போகும்.

இறங்குறதுக்கு முன்னாடி மறுபடியும் அளக்கணும். தொட்டி வாயில மட்டும் இல்ல, மேல், நடு, அடி மூணுலயும். முதல்ல ஆக்ஸிஜன்: 19.5-லிருந்து 23.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும். அப்புறம் எரியும் வாயு, கடைசியா விஷவாயு. ஆக்ஸிஜன் குறைஞ்சா எரிவாயு சென்சார் பலதும் தப்பாக் காட்டும், அதுக்குத்தான் இந்த வரிசை. உள்ள வேலை நடக்கும்போது மீட்டர் ஆள் உடம்புலயே இருக்கணும்.

2025 நவம்பர் வரைக்கும் நடப்புல இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 36-ஆம் பிரிவு, தகுதியுள்ளவர் தானே சோதிச்சு எழுத்துல சான்று தரணும்னு சொல்லுச்சு. ஆபீஸ்ல உக்காந்து போடுற கையெழுத்து அதுல சேராது.

தொட்டிக்குள்ள வரும் பைப்புக்கு வால்வை மூடுனா மட்டும் பத்தாது, பைப்பை முழுசா அடைக்கிற பிளாங்க் தகடு போடணும்.

மேன்ஹோல் வாசல்ல காவல் நிக்கிறவரைப் பத்தி யாரும் பேசுறதில்ல. உள்ள ஒருத்தர் மயங்குனா, பதறிப்போய்க் குதிக்கிறவரும் சேர்ந்தே போறாரு. ஆளைத் தூக்குற முக்காலி, கயிறு இழுக்குற வின்ச், உடம்புல மாட்டுற ஹார்னஸ் பெல்ட் மூணும் மேன்ஹோல் மேல மாட்டி இழுத்துப் பார்த்த பிறகுதான் பர்மிட்ல பேனாவை வைக்கணும்.